மலைச்சரிவும் ஒரு பாடநூலே: வெளிக்களக் கல்வியும் கேகாலையின் தேவையும்

வெளிக்களக் கல்வி என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆண்டுக்கொரு முறை பாடசாலைகள் ஒழுங்கு செய்யும் கல்விச் சுற்றுலாவும் சாரணர் பாசறையுமே ஆகும். பேருந்தில் ஏறிப் பின்னவலை யானைகள் சரணாலயத்தைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புவதோடு அது முடிந்துவிடுவதாகவே கருதப்படுகின்றது. எனினும், உலகின் பல பல்கலைக்கழகங்களில் இது முதுமாணிப் பட்டம் வரை கற்பிக்கப்படும் தனியானதொரு துறையாக வளர்ந்துள்ளது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ, இங்கிலாந்தின் கம்பிரியா ஆகிய பல்கலைக்கழகங்களும் நோர்வேயின் விளையாட்டு விஞ்ஞானக் கல்லூரியும் இத்துறையில் நன்கு அறியப்பட்டவையாகும்.

இத்துறையின் அடிப்படைக் கருத்து எமக்கு அந்நியமானதன்று. மகாகவி தாகூர் 1901ஆம் ஆண்டு சாந்திநிகேதனில் தொடங்கிய பாடசாலையில் மரநிழலே வகுப்பறையாக இருந்தது. 1934இல் இலங்கைக்கு வந்த அவர், அதே நோக்கோடு ஹொரணையில் உருவான ஸ்ரீ பாலி கல்வி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அனுபவத்தினூடாகக் கற்றலைப் பற்றி அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோன் டூயி 1938இல் விரிவாக எழுதினார். ஜெர்மனியிலிருந்து பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்த கேர்ட் ஹான் 1941இல் வேல்ஸின் அபர்டவி என்னுமிடத்தில் கடலையும் மலையையும் பயிற்சிக் களமாகக் கொண்ட பாடசாலையொன்றை நிறுவுவதில் முன்னின்றார். 'அவுட்வார்ட் பவுண்ட்' என இன்று பல நாடுகளில் இயங்கும் அமைப்பின் தொடக்கம் அதுவேயாகும்.

இப்பட்டப்பின்படிப்பில் கற்பிக்கப்படுவது என்ன? மலையேறவும் படகு செலுத்தவும் பழகுவது அதன் ஒரு சிறு பகுதியே. ஓர் இடத்தின் நிலவியலையும் தாவரங்களையும் வரலாற்றையும் மாணவரின் வயதுக்கேற்ற பாடமாக மாற்றுவது எவ்வாறு, வெளியில் பெற்ற அனுபவம் உண்மையில் கற்றலாக மாறியதா என்பதை மதிப்பிடுவது எவ்வாறு, ஆபத்தை முன்கூட்டியே கணிப்பது எவ்வாறு என்பனவே அதன் மையப் பாடங்கள். பிரித்தானிய முறைப்படி முழுநேரமாகப் படிப்பவருக்குப் பொதுவாக ஓராண்டு செல்லும். மொத்தம் 180 திறமைப் புள்ளிகளில் பெரும்பாலும் மூன்றிலொரு பங்கு ஆய்வுக்கட்டுரைக்கு உரியதாகும்.

ஆபத்து முகாமைத்துவத்துக்கு இத்துறையில் தனியிடம் கிடைத்ததன் பின்னணியில் கசப்பான வரலாறு உண்டு. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறு படகுகளில் பயிற்சிக்குச் சென்ற பாடசாலை மாணவர் நால்வர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1995இல் இளையோருக்கான சாகசப் பயிற்சி நிலையங்களின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆர்வம் மட்டும் போதாது, முறையான அறிவும் பொறுப்புக்கூறலும் வேண்டும் என்பதே அந்த அனர்த்தம் புகட்டிய பாடமாகும்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டம், இயற்கையே அமைத்துத் தந்த பாடசாலை எனலாம். களனி கங்கையின் கித்துல்கல பகுதி இன்று படகுச் சவாரிக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பெலிலென குகையில் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதர் வாழ்ந்ததற்கான சான்றுகளும் நுண்கற்கருவிகளும் கிடைத்துள்ளன. அரநாயக்கவின் பத்தலேகலையும் அசுபினி நீர்வீழ்ச்சியும் நிலவியல் பாடத்துக்குப் பொருத்தமானவை. இவற்றைத் தேடித் தலைநகரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பலர் வருகின்றனர். ஆனால் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, புளத்கொஹுபிட்டிய பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த மலை, பெற்றோர் உழைக்கும் இடமாகவும் அச்சம் தரும் இடமாகவுமே இருந்து வருகின்றது.

அந்த அச்சம் காரணமற்றதன்று. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவின் சாமசர மலை சரிந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்தின் லயன் குடியிருப்பு மண்ணில் புதையுண்டு, தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2025 நவம்பரில் வீசிய டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, மலைப்பாங்கான மாவட்டங்களில் பேரழிவை விளைவித்தது மண்சரிவே ஆகும்.

மலை எந்நேரமும் முன்னறிவிப்பின்றிச் சரிவதில்லை. நிலத்தில் புதிதாக வெடிப்புகள் தோன்றுதல், மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், சுவர்கள் பிளத்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் என்பன அதன் அறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலின்படி, 24 மணித்தியாலங்களில் மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால், உடனே வெளியேற வேண்டும். இந்த எண்கள் அறிவித்தல் பலகையில் இருப்பதற்கும் பத்து வயதுப் பிள்ளையின் அறிவில் இருப்பதற்கும் இடையிலான தூரமே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரமாகிவிடக்கூடும்.

வெளிக்களக் கல்வியைப் பட்டப்பின்படிப்பாகக் கற்ற ஆசிரியர் ஒருவர் பயன்படுவது இங்கேயே. பக்கங்கள் நேரான ஒரு தகரப் பேணியும் ஓர் அடிமட்டமும் இருந்தால் பாடசாலை முற்றத்தில் மழைமானி தயார். பேணியின் வாய் அகன்றாலும் குறுகினாலும் அதில் தேங்கும் நீரின் உயரம் ஒன்றேயாக இருப்பது ஏன் என்ற கேள்வி கணித பாடமாகின்றது. நாளாந்த அளவுகளை வரைபாக்குவது புவியியலாகின்றது. பாடசாலையைச் சூழவுள்ள சரிவில் நடந்து வெடிப்புகளையும் வடிகால்களையும் வரைபடத்தில் குறிப்பது விஞ்ஞானமாகின்றது. பெற்றோரிடமும் மூத்தோரிடமும் பழைய சரிவுகளைப் பற்றிக் கேட்டு எழுதுவது மொழிப்பாடமாகின்றது. இவற்றை ஒன்றிணைத்துக் கலைத்திட்டத்துக்குள் கொண்டுவருவதும், அதனால் பிள்ளைகளின் அறிவு வளர்ந்ததா என அளந்து காட்டுவதுமே முதுமாணி ஆய்வொன்றின் பணியாகும்.

மாவனல்லை, ஹெம்மாத்தகம பகுதிகளின் முஸ்லிம் பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். மாவனல்லைக்கு அருகிலுள்ள உதுவன்கந்தை மலையில் நின்றால் கொழும்பு - கண்டி வீதியை நோக்கலாம். கொள்ளையன் சரதியல் அம்மலையைப் புகலிடமாகத் தேர்ந்தது ஏன் என்பது புவியியல் வினா. அவனோடு 1864 மே 7ஆம் திகதி தூக்கிலிடப்பட்ட மம்மலே மரிக்காரும், அவர்களைப் பிடிக்க முயன்றபோது அதே ஆண்டு மார்ச் 21ஆம் திகதி உயிர்நீத்த மலாயக் கான்ஸ்டபிள் சஹ்பானும் இம்மாவட்டத்தின் பல்லின வரலாற்றுக்குச் சாட்சிகள். ஒரே மலையில் சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர்கள் சேர்ந்து கற்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் அரிது.

தடைகள் பல இருப்பதையும் மறுப்பதற்கில்லை. பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, இரவு தங்கும் பயிற்சிகளுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர். 2011ஆம் ஆண்டு பல்கலைக்கழகப் புதுமுக மாணவருக்கான தலைமைத்துவப் பயிற்சி இராணுவ முகாம்களில் கட்டாயமாக நடத்தப்பட்டதும், வெளிக்களப் பயிற்சி பற்றிய ஐயத்தைச் சிறுபான்மைச் சமூகங்களிடையே வளர்த்தது. ஆகவே பாடசாலை நேரத்திலேயே, நடந்து செல்லும் தூரத்திலேயே, பெண் ஆசிரியைகளின் துணையுடனும் தொழுகை நேரத்துக்கு இடமளித்தும் தொடங்குவதே விவேகமானது. சமூகத்தின் நம்பிக்கையைப் பெறுவதும் இக்கல்வியின் ஓர் அங்கமே.

இத்துறையில் கற்க விரும்புவோருக்குப் பாதைகள் இல்லாமலில்லை. பெலிஹுல்ஓயாவில் அமைந்துள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும், சுற்றுலாத்துறை முகாமைத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முதலியவற்றில் கல்வியியலில் பட்டப்பின்படிப்பை மேற்கொள்ளும் ஆசிரியர்கள் தமது ஆய்வுக்கு இவ்விடயத்தைத் தெரிவு செய்யலாம். வெளிநாட்டில் கற்க விரும்புவோர் பொதுநலவாயப் புலமைப்பரிசில், செவனிங் புலமைப்பரிசில் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். செவனிங் பெறுவோர் படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பி இரண்டாண்டுகளேனும் தங்க வேண்டும் என்ற நிபந்தனை எமக்கு நன்மையானதே.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பயின்று தோட்டப் பாடசாலைகளில் பணியாற்றும் இளம் ஆசிரியர்கள் மேற்படிப்பு என்றதும் முகாமைத்துவத்தையோ தகவல் தொழில்நுட்பத்தையோ மட்டும் நாட வேண்டியதில்லை. தாம் கற்பிக்கும் பிள்ளைகள் நாளாந்தம் ஏறி இறங்கும் சரிவை அறிவுபூர்வமாக ஆராய்வதும் உயர்கல்வியே. கேகாலையின் மலைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கிச் சொல்ல வழிகாட்டிகள் இருக்கின்றார்கள். அம்மலைகளின் அடியில் உறங்கும் பிள்ளைகளுக்கு அவற்றை விளக்கிச் சொல்லும் ஆசிரியர்களை உருவாக்குவது மாகாணக் கல்வித் திணைக்களத்தினதும், பல்கலைக்கழகங்களினதும், சமூகத் தலைமைகளினதும் கூட்டுப் பொறுப்பாகும். அடுத்த பருவமழைக்கு முன்னரேனும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலை முற்றத்திலும் ஒரு மழைமானியை வைப்பதிலிருந்து அப்பொறுப்பை நிறைவேற்றத் தொடங்கலாம்.