விளையாட்டுக் காசை ரொக்கம் கொடுத்து வாங்கினால் வெற்றி கிடைக்குமா? 'பே டு வின்' சர்ச்சையும் சட்டத்தின் நிலையும்

ஏர்பேடு (திருப்பதி): திருப்பதியிலிருந்து காளஹஸ்தி செல்லும் வழியில் உள்ள ஏர்பேட்டில், கைபேசியில் பணம் வைத்து ரம்மி ஆடுவதற்கு 2020ஆம் ஆண்டு முதலே சட்டப்படி இடமில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆந்திர அரசு மாநிலச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, இணையவழிப் பணப் பந்தயங்களை அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதே ஊரில், அதே கைபேசியில், துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றுக்காக ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு 'டைமண்ட்' வாங்குவதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. ஐஐடி, ஐஐஎஸ்இஆர் என இரண்டு மத்தியக் கல்வி நிறுவனங்களைக் கொண்ட, இளைஞர் மிகுந்த பகுதி இது. எனவே, விளையாட்டுக் காசை ரொக்கம் கொடுத்து வாங்குவது வெற்றியை விலைக்கு வாங்குவதாகுமா என்பது இங்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

விளையாட்டு வட்டாரத்தில் இதற்கு 'பே டு வின்' என்று பெயர். பணம் செலுத்தியவர், செலுத்தாதவரைத் திறமையால் அன்றி வாங்கிய பொருளால் வெல்ல முடிந்தால் அந்த விளையாட்டு இந்த வகையைச் சேரும். பிஜிஎம்ஐ விளையாட்டில் 'யூசி', ஃப்ரீ ஃபயரில் 'டைமண்ட்', கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் 'ஜெம்' எனக் காசுக்குப் பல பெயர்கள் உண்டு. காசு மட்டும் யாரையும் வெல்ல வைப்பதில்லை. அதைக் கொண்டு உள்ளே இருக்கும் கடையில் என்ன வாங்கலாம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

கடையில் விற்பது என்ன?: பிஜிஎம்ஐ விளையாட்டில் யூசி கொடுத்து வாங்கும் உடை, துப்பாக்கியின் மேல்பூச்சு, வாகன அலங்காரம் ஆகியவை தோட்டாவின் வலிமையைக் கூட்டுவதில்லை. பொன்முலாம் பூசிய துப்பாக்கியும் சாதாரணத் துப்பாக்கியும் ஒரே அளவில்தான் சேதம் விளைவிக்கும். வாலரன்ட், டோட்டா 2 ஆகியவற்றிலும் இதே நிலைதான். டோட்டா 2-இல் எல்லாக் கதாபாத்திரங்களும் அனைவருக்கும் இலவசம். அதன் உலகப் போட்டியான 'தி இன்டர்நேஷனல்' 2021ஆம் ஆண்டு 4 கோடி டாலருக்கும் அதிகமான பரிசுத் தொகையை எட்டியது. அலங்காரப் பொருள் விற்பனையில் 25 சதவீதத்தைப் பரிசுக்கு ஒதுக்கியதால் திரண்ட தொகை அது. வெற்றியை விற்காமலேயே பெரும் வணிகம் நடத்தலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஃப்ரீ ஃபயரில் கணக்கு மாறுகிறது. அதன் சில துப்பாக்கித் தோற்றங்கள் சேதத் திறன், சுடும் வேகம் போன்றவற்றைச் சற்றே கூட்டும்; வேறொரு பண்பைக் குறைக்கவும் செய்யும். கதாபாத்திரங்களுக்குத் தனித்தனிச் சிறப்பாற்றல்கள் உண்டு. அவற்றைப் பொறுமையாக ஆடியும் பெறலாம், டைமண்ட் கொடுத்து விரைவாகவும் பெறலாம். கைதேர்ந்த ஆட்டக்காரரை இந்தச் சிறு கூடுதல் வீழ்த்திவிடாது என்பது உண்மையே. ஆனால் இருவரும் சம திறமை உடையவர்களாக இருந்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் பணத்துக்கும் பங்கு வந்துவிடுகிறது.

கிளாஷ் ராயலில் இது இன்னும் வெளிப்படை. சம நிலையில் ஒரே அடியில் விழும் படைவீரன், ஒரு நிலை உயர்ந்திருந்தால் அந்த அடியில் தப்பிவிடுவான். அந்த நிலையை உயர்த்த மாதக்கணக்கில் ஆடலாம் அல்லது காசு கட்டலாம். நிறுவனங்கள் இதை நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி என்று அழைப்பது வழக்கம். எதிராளியின் மாதங்களையும் தன் ரூபாயையும் ஒரே களத்தில் மோதவிட்டால், அது வசதி என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பது ஐயமே.

பெருநிறுவனம் ஒன்று இதில் சறுக்கிய கதையும் உண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பரில் இஏ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' விளையாட்டில், டார்த் வேடர் போன்ற முதன்மை நாயகனைத் திறக்கவே முதலில் 60,000 புள்ளிகள் தேவைப்பட்டன. ஆடிச் சேர்க்க ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும் என ரசிகர்கள் கணக்கிட்டனர். அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பணம் கொடுத்து வாங்கினால் பாதை சுருங்கும். எதிர்ப்பு வலுத்ததும் அந்த அளவு 75 சதவீதம் குறைக்கப்பட்டது. முறையான வெளியீட்டுக்கு முன்பே காசு விற்பனையும் நிறுத்திவைக்கப்பட்டது.

அதிர்ஷ்டப் பெட்டி: பணம் கட்டியும் என்ன கிடைக்கும் என்று தெரியாத இந்தப் பெட்டிகளையே பல நாட்டு அரசுகள் முதலில் கையில் எடுத்தன. ஜப்பான் 2012ஆம் ஆண்டிலேயே ஒரு வகைக் குலுக்கலைத் தடுத்தது. சீனா 2017 முதல் எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிடச் சொல்கிறது. தென் கொரியாவில் இக்கட்டாயம் 2024 மார்ச்சில் வந்தது. பெல்ஜியம் 2018ஆம் ஆண்டு இப்பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அதைத் தொடர்ந்து இஏ நிறுவனம் தனது கால்பந்து விளையாட்டுக்கான காசு விற்பனையை அந்நாட்டில் 2019 ஜனவரியில் நிறுத்தியது. கால்பந்து விளையாட்டில் பெட்டிக்குள் இருப்பது அலங்காரம் அன்று, ஆட்டக்காரரே. நல்ல ஆட்டக்காரர் கிடைத்தால் அணி வலுக்கும். சூதும் 'பே டு வின்'னும் ஒரே பெட்டியில் சேர்ந்த இடம் இது.

வெற்றிக்காக அல்லாமலும் காலியாகும் கணக்கு: 2020 ஜூலையில் பஞ்சாபின் கரர் பகுதியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன், பப்ஜி மொபைல் விளையாட்டுக்காகப் பெற்றோரின் வங்கிக் கணக்குகளிலிருந்து 16 லட்சம் ரூபாய் செலவழித்தது வெளிச்சத்துக்கு வந்தது. தந்தையின் மருத்துவச் செலவுக்கான சேமிப்பும் அதில் அடங்கும். 2022ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் 16 வயதுச் சிறுவன் ஃப்ரீ ஃபயருக்காகச் செலவிட்டதாகப் பதிவான தொகை 36 லட்சம் ரூபாய். இவற்றுள் முதல் நிகழ்வு கவனத்துக்குரியது. பப்ஜி மொபைலில் பணம் தோட்டாவின் வலிமையைக் கூட்டுவதில்லை. அப்படியிருந்தும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைந்தது. ஆகவே 'இது பே டு வின் விளையாட்டு அன்று' என்ற சான்றிதழைப் பெற்றோர் பாதுகாப்புச் சான்றாகக் கொள்ள இயலாது. சக ஆட்டக்காரர் முன் தெரியும் தோற்றமும் இளம் வயதினருக்கு ஒருவகை வெற்றியே.

ரூபாயில் நேரடியாக விலை போடாமல் இடையில் ஒரு காசைப் புகுத்துவதற்கும் காரணம் உண்டு. 450 காசு விலையுள்ள பொருளுக்கு 400, 800 என்ற அளவுகளில் மட்டுமே காசு விற்கப்படுவதாகக் கொள்வோம். 800 வாங்கியவரிடம் 350 மிஞ்சும். எஞ்சியதை வீணாக்க மனம் வராமல் அடுத்த முறையும் வாங்கத் தோன்றும். தான் எத்தனை ரூபாய் செலவிட்டோம் என்ற கணக்கும் இதற்கிடையில் மங்கிவிடும். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள், விலையை உண்மைப் பணத்திலும் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் காசு வாங்கும்படி வற்புறுத்தக் கூடாது என்று வழிகாட்டியது இதனால்தான்.

இந்தியச் சட்டம் எங்கு நிற்கிறது?: 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு, பண ஆதாயம் எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நடத்தத் தடை விதித்தது. மீறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். பணம் கொடுத்து வாங்கும் காசும் டோக்கனும் பந்தயப் பொருளாகக் கருதப்படலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் வென்றால் பணமோ வேறு ஆதாயமோ திரும்பும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால்தான் அது பொருந்தும். ரூபாயாக மாற்ற முடியாத யூசியும் டைமண்டும் பொதுவாக இந்த வலைக்கு வெளியே நிற்கின்றன.

தமிழ்நாட்டின் 2025ஆம் ஆண்டு விதிமுறைகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்குத் தடை, ஆதார் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கொண்டுவந்தன. அவையும் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கானவையே. சீனாவில் 2019 முதல் 8 வயதுக்குட்பட்டோர் விளையாட்டில் பணம் செலவிடவே இயலாது. 16 வயதுக்குட்பட்டோருக்கு மாதம் 200 யுவான் உச்சவரம்பு. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு பிஜிஎம்ஐ அறிமுகமானபோது 18 வயதுக்குட்பட்டோருக்கு அறிவிக்கப்பட்ட செலவு வரம்பு, அதை வெளியிட்ட நிறுவனம் தானே வகுத்துக்கொண்டது. அது நாளொன்றுக்கு 7,000 ரூபாய். கிராமப்புறக் குடும்பம் ஒன்றின் வருமானத்தோடு ஒப்பிட்டால் இதை வரம்பு என்று சொல்வதே கடினம்.

இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. எனினும் வாங்கியது பெற்றோரின் கணக்கிலிருந்து என்பதால் பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று. கூகுள் பிளே வழியே வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் திரும்பக் கோரலாம். ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி அமைக்கும் வசதி அதே செயலியின் அமைப்புகளில் உள்ளது. 'இலவச டைமண்ட்' என்று ஆசை காட்டி வங்கி விவரம் கேட்கும் இணைப்பில் சிக்கிப் பணத்தை இழந்தோர், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.