குளிர் பிளாஸ்மா: புகையிலிருந்து எரிபொருள் கிடைக்குமா?

அடுப்பில் விறகு எரிந்து முடிந்தபின் எஞ்சும் சாம்பலை எவரும் மீண்டும் அடுப்பில் இடுவதில்லை. எரிவதற்கு அதில் ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. விறகும் மண்ணெண்ணெயும் நிலக்கரியும் எரியும்போது புகையோடு வெளியேறும் காபனீரொட்சைட்டு வாயுவும் ஒருவகைச் சாம்பலே. அதை மின்சாரத்தின் உதவியுடன் மீண்டும் எரிபொருளாக மாற்றலாம் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். அதற்கான வழிகளில் ஒன்று ‘குளிர் பிளாஸ்மா’. இதைக் கேட்கும்போது எமக்கு வியப்பும் ஐயமும் ஒருங்கே எழுகின்றன. இரண்டுக்கும் நியாயம் உண்டு என்பதை இங்கு பார்ப்போம்.

இரண்டு வாயுக்கள்

பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது பிடித்து வைப்பவை பச்சைவீட்டு வாயுக்கள். இவற்றுள் முதன்மையானது காபனீரொட்சைட்டு. கைத்தொழிற் புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் இது ஏறக்குறைய 280 பங்காக இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அடுத்தது மெதேன். நீர் தேங்கிய வயல், மாடுகளின் வயிறு, குப்பைமேடு, சாணக்குழி ஆகியவற்றிலிருந்து இது வெளிவருகிறது. 100 ஆண்டுக் காலத்தை வைத்துக் கணித்தால், ஒரு கிலோ மெதேன் ஏறக்குறைய 28 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான தீங்கைச் செய்கிறது.

காபனீரொட்சைட்டை உடைப்பது இலேசான காரியமன்று. ஒரு காபன் அணுவை இருபுறமும் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் இறுகப் பற்றியிருக்கின்றன. வெப்பத்தால் மட்டும் இப்பிடியைத் தளர்த்துவதானால் 2000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்க வேண்டும்.

பிளாஸ்மா என்றால் என்ன?

திண்மம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். வாயுவுக்கு மேலும் சக்தியை ஊட்டினால் அதன் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து தனியே ஓடத் தொடங்கும். இந்த நான்காவது நிலைக்கு 1928இல் அமெரிக்க விஞ்ஞானி ஏர்விங் லங்முயர் ‘பிளாஸ்மா’ என்று பெயரிட்டார். வானில் வெட்டும் மின்னல் பிளாஸ்மாவே. அது கடும் சூடுடையது.

ஆனால் எமது வீடுகளிலும் பாடசாலைகளிலும் எரிந்த ரியூப் லைற்றுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். எரியும் ரியூப் லைற்றைத் தொட்டால் இளஞ்சூடு மட்டுமே தெரியும். உள்ளே ஓடும் இலத்திரன்களின் வெப்பநிலையோ 10,000 பாகை அளவில் இருக்கும். இலத்திரன்கள் மிக இலேசானவை. ஆகையால் அவை மோதினாலும் பாரமான வாயு மூலக்கூறுகள் அதிகம் சூடாவதில்லை. இலத்திரன் சூடாகவும் வாயு குளிராகவும் இருக்கும் இந்நிலையே குளிர் பிளாஸ்மா எனப்படுகிறது.

இதை உண்டாக்கும் எளிய முறை பழையது. இரு மின்வாய்களுக்கு இடையே ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்து, வாயுவைச் செலுத்தி, பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். ஜேர்மனியரான வேர்னர் வொன் சீமென்ஸ் 1857இலேயே இவ்வாறு ஓசோன் வாயுவைத் தயாரித்தார். குடிநீரைச் சுத்திகரிப்பதற்கான ஓசோன் இன்றும் இம்முறையில் தயாரிக்கப்படுகிறது.

எரிபொருள் எவ்வாறு பிறக்கிறது?

வாயு முழுவதையும் சூடாக்கி மூலக்கூற்றை உடைப்பது, ஒரு தேங்காய்க்காகத் தென்னையையே தறிப்பது போன்றது. குளிர் பிளாஸ்மாவில் இலத்திரன்கள் நேரே மூலக்கூற்றைத் தாக்குகின்றன. காபனீரொட்சைட்டு உடைந்து, எரியக்கூடிய காபனோரொட்சைட்டும் ஒட்சிசனும் தோன்றுகின்றன. காபனீரொட்சைட்டுடன் மெதேனையும் சேர்த்துச் செலுத்தினால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு கிடைக்கும். இக்கலவையிலிருந்து மெதனோல், டீசல் போன்ற திரவ எரிபொருள்களைத் தயாரிக்கும் வழி தொழிற்சாலைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

பிளாஸ்மா இல்லாமலும் இக்கலவையைப் பெறலாம். ஆனால் அதற்கு நிக்கல் ஊக்கியும் 700 முதல் 900 பாகை வரையான சூடும் வேண்டும். கரி படிந்து ஊக்கி விரைவில் பழுதாகியும் விடும். இதனாலேயே பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பிளாஸ்மா ஆய்வுகள் ஊக்கமாக நடைபெறுகின்றன.

கணக்கைப் பார்ப்போம்

ஒரு கிலோ காபனோரொட்சைட்டை எரித்தால் ஏறக்குறைய 2.8 அலகு சக்தி கிடைக்கும். மின்சாரப் பட்டியலில் நாம் காணும் அதே அலகுதான் இது. எரித்துப் பெறும் சக்தியை முன்னரே செலுத்தியிருக்க வேண்டும் என்பது இயற்கையின் விதி. எனவே எந்தக் குறையுமற்ற இயந்திரமும் 2.8 அலகு மின்சாரத்தைக் கேட்கும்.

உண்மையான இயந்திரங்களோ குறையுள்ளவை. இலத்திரன்களின் சக்தியில் பெரும்பங்கு வீண்சூடாகிறது. உடைந்த துண்டுகளும் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணாடித் தடுப்பு முறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சக்தியே பயன்தருகிறது என்று வைத்தால், ஒரு கிலோவுக்கு 28 அலகு செலவாகும். நுண்ணலையையோ வழுக்கும் மின்வில்லையோ பயன்படுத்தும் முறைகள் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கையும் எட்டுகின்றன. ஆனால் அங்கே வாயு நன்றாகச் சூடேறிவிடுவதால் அவற்றைக் ‘குளிர்’ என்று சொல்வதே பொருந்தாது.

இனி முக்கியமான கேள்வி: அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நுரைச்சோலையில் உள்ளதைப் போன்ற ஒரு நிலக்கரி மின்நிலையம் ஓர் அலகை உற்பத்தி செய்ய ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. ஒரு கிலோ காபனோரொட்சைட்டைச் செய்ய நாம் பிடிக்கும் காபனீரொட்சைட்டு 1.6 கிலோ அளவே. குறையற்ற இயந்திரத்தை ஓட்டினாலும் 1.6 கிலோவைப் பிடிக்க 2.8 கிலோவைப் புகைபோக்கியால் அனுப்புவோம். இன்றைய சாதாரண இயந்திரமானால் 28 கிலோ! நிலக்கரி மின்சாரத்தில் ஓடும்வரை இந்த இயந்திரம் காற்றைச் சுத்தப்படுத்தாது, அசுத்தப்படுத்தும்.

நோர்வேயின் பாடம்

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. நோர்வேயில் பேர்க்லண்ட், ஐடே என்னும் இருவர் மின்வில்லின் சூடான பிளாஸ்மாவால் காற்றிலுள்ள நைதரசனை உரமாக்கும் முறையை 1903இல் கண்டனர். 1905இல் தொழிற்சாலை எழுந்தது. அங்கு நீர்வீழ்ச்சிகளின் மின்சாரம் மலிவாக இருந்தது. ஆயினும் அம்முறைக்கு மிக அதிக மின்சாரம் தேவைப்பட்டது. ஜேர்மனியில் உருவான அமோனியா முறை குறைந்த சக்தியில் அதே பயனைத் தந்ததால், 1920களின் பிற்பகுதியில் நோர்வேயினரும் அதற்கு மாறினர். பிளாஸ்மா உரத்தின் விஞ்ஞானம் பிழைக்கவில்லை. சக்திக் கணக்குத்தான் பிழைத்தது.

எங்கே பயன்படலாம்?

பிளாஸ்மாவை மிகக் குறுகிய நேரத்தில் தொடக்கவும் நிறுத்தவும் முடியும். பெரிய உலைகளுக்கு இது இயலாது. ஆகையால் வெயிலும் காற்றும் தரும் மின்சாரம் மிஞ்சும் வேளைகளில் இது உதவக்கூடும். அவ்வாறு மிஞ்சுவது எமது நாட்டிலும் நடந்தது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்தபோது, கூரைச் சூரிய மின் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. எனினும் ஒருநாள் மிச்சத்தை இரவுக்கு வைப்பதற்கு மின்கலமே சிறந்தது. வைத்த பத்து அலகில் எட்டுக்கு மேல் அது திருப்பித் தரும். மின்கலத்தால் ஓட்ட முடியாத கப்பலுக்கும் விமானத்துக்கும் திரவ எரிபொருள் தேவைப்படும் இடத்திலேயே பிளாஸ்மாவுக்கு வாய்ப்பு உண்டு.

நாம் செய்யக்கூடியது

சாண எரிவாயுக் குழி வைத்திருப்பவர்களிடம் மேற்சொன்ன இரு வாயுக்களும் ஏற்கெனவே உள்ளன. அந்த வாயுவில் பாதிக்கு மேல் மெதேன். மீதியில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. அதை மாற்ற எந்த இயந்திரமும் வேண்டாம். அப்படியே அடுப்பில் எரியும். ஒரு கிலோ மெதேனை எரித்தால் 2.75 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகும். எரிக்காமல் கசியவிட்டால் 28 கிலோவுக்குச் சமமான தீங்கு. எனவே குழாய் மூட்டுகளில் சவர்க்கார நீரைப் பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்துக் கசிவை அடைப்பது, இன்று எமது கைக்கெட்டிய சிறந்த தொழில்நுட்பமாகும்.

புகையிலிருந்து எரிபொருள் தரும் இயந்திரம் என்று கூறி எவரேனும் எமது சங்கங்களிடம் முதலீடு கேட்டு வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்போம். ஒரு கிலோ எரிபொருளுக்கு எத்தனை அலகு செல்லும்? அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது? வெளிவரும் காபனோரொட்சைட்டு மணமற்ற கொடிய நஞ்சு; அது கசியாமல் இருக்க என்ன ஏற்பாடு உண்டு? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும்வரை சங்கத்தின் பணம் சங்கத்தின் கணக்கிலேயே இருக்கட்டும்.