டீசல் கூட்டினால் இழுவை கூடும், கிளட்ச் தாங்குமா?

'வண்டி முன்ன மாதிரி இழுக்கல, பம்புல கொஞ்சம் டீசல் கூட்டி வைங்க' என்று மெக்கானிக்கிடம் சொல்வது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. பழைய டிராக்டர்களில் டீசல் பம்பின் சீலை உடைத்து, உள்ளே உள்ள திருகைத் திருகி டீசலைக் கூட்டுவார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் டீசல் கார், பிக்கப் வண்டிகளில் இதே வேலையை மென்பொருளை மாற்றிச் செய்கிறார்கள். இதற்கு 'ரீமேப்' என்று பெயர். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 'டிரெம் 4' புகை விதி வந்த பிறகு, பெரிய டிராக்டர்களும் கம்ப்யூட்டர் இன்ஜினுக்கு மாறிவிட்டன. எனவே ரீமேப் பற்றிய பேச்சு இப்போது வயலுக்கும் வந்துவிட்டது.

இந்த வேலையைச் செய்யும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கூடுதல் சக்தியைக் கிளட்ச் தாங்குமா என்பதுதான்.

சக்தி போகும் வழி

இன்ஜினில் பிறக்கும் முறுக்குவிசை, அதாவது டார்க், பிளைவீலில் இருந்து கிளட்ச் பிளேட் வழியாகத்தான் கியர் பெட்டிக்குப் போகிறது. பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கின்றன. இடையில் பல்லோ போல்ட்டோ கிடையாது. உராய்வு மட்டுமே பிடிமானம்.

ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள். உங்கள் டிராக்டர் இன்ஜினின் உச்ச டார்க் 200 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் கிளட்சைத்தான் பொருத்தியிருப்பார். அது 260 வரை தாங்கட்டும். டர்போ உள்ள இன்ஜினில் டீசலைக் கூட்டி டார்க் 250 ஆகிவிட்டால், புதிய கிளட்ச் சமாளித்துவிடும். ஆனால் பல பருவம் உழுது தேய்ந்த கிளட்சின் தாங்குதிறன் 230 ஆகக் குறைந்திருந்தால்? நேற்று வரை 200ஐ ஒழுங்காகக் கடத்திய அதே கிளட்ச், இன்று வழுக்கத் தொடங்கும். 'செட்டிங் மாற்றிய மறுவாரமே கிளட்ச் போய்விட்டது' என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வழுக்கினால் என்ன ஆகும்?

வழுக்கும் கிளட்சில் வீணாகும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறுகிறது. 200 நியூட்டன் மீட்டர் டார்க்கில், பிளைவீலுக்கும் பிளேட்டுக்கும் இடையே நிமிடத்துக்கு 100 சுற்று வித்தியாசம் இருந்தாலே சுமார் 2 கிலோவாட் வெப்பம் உண்டாகும். வீட்டில் உள்ள 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி இரண்டை மூடிய பெட்டிக்குள் வைத்து ஓட்டுவதற்குச் சமம் இது. பிளேட்டின் உராய்வுப் பூச்சு கருகும், பிளைவீலின் முகம் நீலம் பாரித்து வெடிப்பு விடும், ஸ்பிரிங் இறுக்கம் இழக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் வழுக்கல் மேலும் கூடும். முதல் வழுக்கலைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தடுத்த வேலைகளில் கிளட்ச் முழுதாகப் போய்விடும்.

டிராக்டரில் கிளட்ச் மாற்ற வண்டியை நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். சேற்றுழவு நடக்கும் நாளில் வண்டி பட்டறையில் கிடந்தால், கூலியும் உதிரிபாகச் செலவும் மட்டுமல்ல, அந்த வாரத்து வாடகை உழவும் கைவிட்டுப் போகும். மாதத் தவணை கட்டுபவர்களுக்கு இது பெரிய அடி.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய கியரில், குறைந்த வேகத்தில், முழு பாரத்தில்தான் கிளட்ச் வழுக்கல் முதலில் தெரியும். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போதும், காய்ந்த மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் கவனியுங்கள்.

* ஆக்சிலேட்டரைக் கூட்டினால் இன்ஜின் சத்தம் ஏறும். வண்டி வேகம் ஏறாது.
* கருகிய வாடை வரும்.
* கிளட்ச் பெடல் மிக மேலே வந்த பிறகுதான் வண்டி நகரும்.

வயலில் சக்கரம் சுழன்றும் வண்டி நகராவிட்டால் அது சக்கர வழுக்கல். இன்ஜின் வேகம் எடுத்தும் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அது கிளட்ச் வழுக்கல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன்னும் பின்னும் ஆள் இருக்கக் கூடாது. கைபிரேக்கைப் போட்டு, இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டி மிதியுங்கள். உயர்ந்த கியரைப் போட்டு, மிதமான வேகத்தில் கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடினால் வழுக்குகிறது என்று பொருள். உடனே பெடலை மிதித்துவிடுங்கள். இந்தச் சோதனையே பிளேட்டைச் சூடாக்கும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது.

வழுக்கினால் உடனே பிளேட்டை மாற்ற வேண்டும் என்றில்லை. முதலில் பெடலின் தளர்ச்சி அளவைப் பாருங்கள். பிளேட் தேயத் தேய இந்தத் தளர்ச்சி குறையும். தளர்ச்சியே இல்லாவிட்டால் பெடலை மிதிக்காதபோதும் கிளட்ச் பாதி விலகியே இருக்கும். வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். பெடல் மேல் காலை வைத்தபடி ஓட்டுவதும் இதே கெடுதலைச் செய்யும். ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தாலும் வழுக்கும். அப்போது சீலையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுப் பிளேட்டும் பாழாகும்.

இழுவை குறைந்தது ஏன்?

பல நேரங்களில் டீசல் போதாமல் இழுவை குறைவதில்லை. ஏர் கிளீனரில் தூசி அடைப்பு, அழுக்கான டீசல் பில்டர், தேய்ந்த இன்ஜெக்டர், தப்பிய வால்வு இடைவெளி, பிடித்துக்கொண்ட பிரேக், மழுங்கிய ரோட்டவேட்டர் கத்தி, சரியில்லாத டயர் காற்று என ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிளட்ச் வழுக்கலே இழுவைக் குறைவாகத் தெரிவதும் உண்டு. அந்த நிலையில் டீசலைக் கூட்டினால் நோயை வளர்ப்பதாகவே முடியும்.

டர்போ இல்லாத இன்ஜினில் காற்றின் அளவு கூடாது. அதனால் கூட்டிய டீசலில் பெரும்பகுதி கரும்புகையாகவே வெளியேறும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் பிக்கப் வண்டிகளில் அந்தக் கரி, புகை வடிகட்டியை அடைத்துவிடும்.

உத்தரவாதக் காலத்தில் சீலை உடைத்தாலோ மென்பொருளை மாற்றினாலோ, பழுது வரும்போது நிறுவனம் இலவசமாகச் சரிசெய்ய மறுக்கலாம். பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. குதிரைத்திறனும் அந்த விவரங்களில் ஒன்று.

ஏற்கெனவே கூட்டிவிட்டீர்களா?

வழுக்கல் தெரிந்தால் பழைய அளவுக்கே திரும்புங்கள். பம்பைச் சோதனை மேசையில் வைத்து நிறுவன அளவுக்குச் செட் செய்யச் சொல்லுங்கள். ரீமேப் செய்தவர்கள், செய்தவரிடமே பழைய மென்பொருளைக் கேட்டு ஏற்றுங்கள். கனமான கிளட்ச் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், பெடல் கடினமாகும். கூடுதல் விசையைக் கியர் பெட்டி தாங்க வேண்டிய நிலை வரும்.

பழைய டிராக்டர் வாங்குபவர்கள், பம்பின் சீல் கம்பி இருக்கிறதா, பாரத்தில் கரும்புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். பாரத்தோடு ஓட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

உழவர் குழுக்களுக்குப் பயிற்சி தரும் விரிவாக்கப் பணியாளர்கள், கிளட்ச் பெடல் தளர்ச்சியை அளப்பதைச் செய்முறையாகவே காட்டலாம். ஒரு அளவுகோலும் ஐந்து நிமிடமும் போதும். கனமான வேலை வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும்தான் என்றால், பெரிய டிராக்டரை அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பதே லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை வாடகைக்குத் தருகிறது. மற்ற நாட்களில் கலப்பையின் ஆழத்தைக் குறைத்து, ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள்.