யானை வரும் பின்னே, குறுஞ்செய்தி வரும் முன்னே

கோவை மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலைத் தொடரின் மேலே இருக்கிறது வால்பாறை. அங்கே சில பள்ளிக்கூடங்களில் சத்துணவு அரிசி வைத்திருக்கும் அறையை ராத்திரி வேளையில் யானைகள் வந்து உடைத்திருக்கின்றன. ரேஷன் கடைக் கதவும் தப்புவதில்லை. அரிசி எங்கே இருக்கிறது என்று யானையின் தும்பிக்கைக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். நம்மில் பலருக்கு யானை என்றால் கோயில் வாசலில் நின்று ஆசீர்வாதம் செய்யும் யானைதான். வால்பாறைப் பிள்ளைகளுக்கோ, பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் நிற்கக்கூடிய யானையும் உண்டு.

அதற்காக யானையைக் கோபித்துக்கொள்ள முடியாது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேட்டு நிலம் ஒரு காலத்தில் அடர்ந்த மழைக்காடு. தேயிலையும் காப்பியும் பயிரிடுவதற்காகக் காட்டை வெட்டினார்கள். நடுவில் தோட்டங்கள் வந்துவிட்டன, சுற்றிலும் காடு அப்படியே இருக்கிறது. ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து மறுபக்கத்துக் காட்டுக்குப் போக யானைகள் தேயிலைக்கு நடுவேதான் நடந்தாக வேண்டும். அதே தோட்டங்களுக்குள்தான் தொழிலாளர் குடியிருப்புகளும் இருக்கின்றன.

இங்கே ஆபத்து எப்படி வருகிறது தெரியுமா? சாயங்காலம் வேலை முடிந்து, கடைக்குப் போய்விட்டுப் பேருந்தில் வந்து இறங்குகிறார் ஓர் அம்மா. இருட்டிவிட்டது. மலையில் மூடுபனி வேறு. பத்தடி தள்ளி நிற்பது பாறையா, யானையா என்று தெரியாது. யானைக்கும் இவர் வருவது எதிர்பாராத விஷயம். திடுக்கிட்டால் அது தாக்கிவிடும். வால்பாறையில் யானைகளால் நடந்த உயிரிழப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டுகொண்டது இதைத்தான்: இறந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அங்கே யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் தேவைப்பட்டது வேலியும் இல்லை, வெடியும் இல்லை. நேரத்துக்கு வந்து சேரும் ஒரு தகவல். இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் வனத்துறை, தோட்ட நிர்வாகங்கள், ஊர் மக்கள் எல்லோரோடும் சேர்ந்து அதற்கு வழி செய்தார்கள். யானைகள் எங்கே நிற்கின்றன என்று கண்காணிப்பார்கள். பிறகு அந்த இடத்தைச் சுற்றி இருப்பவர்களின் செல்போன்களுக்குக் குறுஞ்செய்தி போகும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதே தகவல் தமிழில், குரலாக, போன் அழைப்பாக வரும். உள்ளூர்க் கேபிள் டிவியில் திரையின் அடியில் எழுத்தாக ஓடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் வைத்த சிவப்பு விளக்குகள்தான். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, உயரமான இடங்களில் எல்.இ.டி. விளக்குகளை நட்டார்கள். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிம் கார்டு! பதிவு செய்த போனிலிருந்து அந்த விளக்கைக் கூப்பிட்டால் அது எரியத் தொடங்கும். பேருந்தை விட்டு இறங்குகிறவர் அண்ணாந்து பார்ப்பார். சிவப்பு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். விளக்கை எரியவிடும் பொறுப்பைப் போகப் போக ஊர்க்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது என்ற பன்னாட்டு விருது கிடைத்தது.

இதற்கு விலை உயர்ந்த போன் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இணையமும் வேண்டாம். தாத்தா வைத்திருக்கும் பட்டன் போன் போதும். டவர் அரைகுறையாகக் கிடைக்கும் மலையிலும் குறுஞ்செய்தி எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. எப்படி?

நீங்கள் யாருடனும் பேசாமல் இருக்கும்போதுகூட உங்கள் வீட்டுப் போன் சும்மா இருப்பதில்லை. 'நான் இந்த வட்டாரத்தில் இருக்கிறேன்' என்று அது அவ்வப்போது டவருக்குச் சொல்கிறது. 'உனக்கு ஓர் அழைப்பு வருகிறது, மணி அடி' என்று டவர் போனுக்குச் சொல்கிறது. இந்தச் சிறு சிறு குறிப்புகள் போய்வர ஒரு தனிப் பாதை உண்டு. நம் பேச்சு போவது வேறு பாதை. குறிப்புப் பாதை பெரும்பாலான நேரம் காலியாகக் கிடப்பதைப் பார்த்த பொறியாளர்கள், அதிலேயே எழுத்துச் செய்தியையும் அனுப்பலாமே என்று யோசித்தார்கள். ஊருக்கு எப்படியும் போகிற பேருந்தில் செய்தித்தாள் கட்டையும் ஏற்றிவிடுகிறோமே, அப்படி. பேருந்தில் இடம் கொஞ்சம்தான், அதனால் கட்டும் சின்னதாக இருக்க வேண்டும்.

எவ்வளவு சின்னதாக? ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீடெல்ம் ஹில்லெபிராண்ட் 1985-இல் தட்டச்சுப் பொறி முன் உட்கார்ந்து, மனதில் தோன்றிய கேள்விகளையும் வாக்கியங்களையும் அடித்து, எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். அநேகமாக எல்லாமே 160-க்குள் அடங்கிவிட்டன. அந்த எண்ணே நிலைத்துவிட்டது. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற 22 வயது இளைஞர் ஒரு கணினியிலிருந்து முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து.

செய்தி போய்ச் சேரும்போது உங்கள் போன் அணைந்திருந்தால்? உடனே தொலைந்து போகாது. நடுவில் ஒரு செய்தி மையம் அதை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கும். நீங்கள் போனை மறுபடி போட்டதும், 'வந்துவிட்டேன்' என்று அது டவருக்குச் சொல்லும் அல்லவா? உடனே மையம் செய்தியை அனுப்பிவிடும்.

வால்பாறையில் மனிதருக்குச் செய்தி போகிறது. கென்யாவில் யானையே செய்தி அனுப்பியது! அங்கே ஓல் பெஜெட்டா என்ற காப்பகத்தில் கிமானி என்றோர் ஆண் யானை. பக்கத்து ஊர் வயல்களில் புகுந்து பயிரைத் தின்பது அதன் வழக்கம். அப்படிப் பழகிவிட்ட வேறு சில யானைகளை ஏற்கெனவே சுட்டுக் கொல்ல வேண்டியதாகிவிட்டது. கிமானியையாவது காப்பாற்ற வேண்டுமே! 'யானைகளைக் காப்போம்' என்ற அமைப்பினர் அதன் கழுத்தில் ஒரு பட்டை கட்டினார்கள். தான் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களின் உதவியால் கணக்கிடும் ஜி.பி.எஸ். கருவி அதில் இருந்தது. கூடவே ஒரு சிம் கார்டு. காப்பகத்தின் எல்லையைக் கணினி வரைபடத்தில் கோடாகப் போட்டு வைத்தார்கள். தரையில் அப்படி ஒரு கோடு கிடையாது, கிமானிக்கும் தெரியாது. அதைத் தாண்டினால் காவலர்களுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். அவர்கள் ஜீப்பில் வந்து, விளக்கு வெளிச்சத்தைக் காட்டி அதைக் காட்டுக்குள் திருப்பி விடுவார்கள். 2008-இல் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் கிமானியின் கதை வந்தது.

இரண்டு இடத்திலும் வேலை செய்தது அதே சின்னச் செய்திதான். அதில் தமிழுக்கு எவ்வளவு இடம் என்று பார்க்கலாம், வாருங்கள். ஒரு குறுஞ்செய்தியில் மொத்தம் 1120 பிட்டுகள். பிட் என்பது 0 அல்லது 1. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். 160-ஐ 7-ஆல் பெருக்கினால் 1120. உலக மொழிகள் அனைத்துக்கும் இடம் தரும் முறையில்தான் தமிழ் போகிறது. அதில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். 1120-ஐ 16-ஆல் வகுத்தால் 70. அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி போன் எண்ணாது. 'யானை' என்றால் நமக்கு இரண்டு எழுத்து. போனுக்கோ ய, கால், ன, ஐகாரக் கொம்பு என்று நான்கு குறி. புள்ளியும் ஒரு குறி, சொற்களுக்கு நடுவே விடும் இடமும் ஒரு குறி.

இப்போது நீங்கள் எச்சரிக்கை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'பள்ளிக்கூடம் பின்புறம் 3 யானை. தனியாக வர வேண்டாம்.' எண்ணிப் பாருங்கள், சரியாக 50 குறி. மீதி 20. அதில் 'இரவு 7 மணி.' என்று சேர்க்கலாம், அல்லது 'குட்டி உண்டு.' என்று சேர்க்கலாம். தாய் யானை குட்டியோடு இருக்கும்போது கோபம் அதிகம், அதனால் அதுவும் முக்கியம்தான். ஆனால் இரண்டையும் சேர்த்தால் 70-ஐத் தாண்டிவிடுகிறது. எந்தத் தகவலும் விட்டுப்போகாமல், ஒரே ஒரு சொல்லைச் சுருக்கி எல்லாவற்றையும் 70-க்குள் கொண்டுவர முடியும். எந்தச் சொல்?