கைவிடப்பட்ட வயல்கள், கைமாறிய தோட்டங்கள்

கெடாவின் கடலில் எண்ணெய் மேடை ஒன்றுகூட இல்லை. யான் கரையில் சுத்திகரிப்பு ஆலையும், அங்கிருந்து கிளந்தானின் பாச்சோக் வரை குழாயும் வருமென்று 2007இல் பெரிதாகப் பேசினார்கள், வரவில்லை. இருந்தும், மலேசியாவின் சின்ன எண்ணெய் வயல்களுக்கு இன்று நடப்பதைத் திகாம் பத்து வட்டாரத்துத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு விளக்குவது எளிது. பெரிய கம்பெனி கிளம்பிப் போனால் என்ன ஆகும் என்பது அவர்கள் வாழ்ந்து பார்த்த சங்கதி.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். மரம் சீவியவர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக அலைந்து, பாட்டாளிகளிடம் மாதம் 10 வெள்ளி திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். சங்கம் முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்.

அதே தலைமுறையில்தான் கடலில் பெரிய கம்பெனிகள் இறங்கின. 1969இல் திரெங்கானு கடலில் எஸ்ஸோ தாப்பிஸ் வயலைக் கண்டது. அதன் எண்ணெய் பின்னாளில் ஆசியாவுக்கே விலை அளவுகோலாக இருந்தது. சபா கடலில் ஷெல் இருந்தது. 1974இல் தேசிய எண்ணெய்க் கம்பெனியான பெட்ரோனாஸ் பிறந்த பிறகு எண்ணெய் தேசத்தின் சொத்தானது. கம்பெனிகள் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தில் பங்கு பெற்றன. அன்று சின்ன வயலை யாரும் சீண்டவில்லை. 3 கோடி பீப்பாய்க்கு மேல் எடுக்க முடியாத இடத்தில் மேடை நட்டுக் குழாய் பதித்தால் போட்ட பணம் திரும்பாது. வரைபடத்தில் பெயர் எழுதி அப்படியே விட்டார்கள்.

பெரிய வயல்கள் வற்றத் தொடங்கியதும் பார்வை மாறியது. 2004 வாக்கில் நாளுக்கு 7 லட்சம் பீப்பாய்க்கு மேல் வந்த உற்பத்தி இன்று 6 லட்சத்துக்கும் கீழே. சின்ன வயல்களுக்கு வரியை 38 விழுக்காட்டிலிருந்து 25ஆகக் குறைத்தார்கள். 2011இல் பெராந்தாய், பாலாய் ஆகிய வயல்களுக்குப் புதுவகை ஒப்பந்தம் வந்தது: எண்ணெயில் பங்கு கிடையாது, எடுத்துக் கொடுப்பதற்குக் கூலி. 2014இல் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டே இரண்டும் முடித்துக்கொள்ளப்பட்டன. கடலடியில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, விலை என்ன, மேடையும் குழாயும் ஏற்கெனவே அருகில் உண்டா என்பவையே சின்ன வயலின் ஆயுளை முடிவு செய்கின்றன.

இன்று நிலைத்திருப்பவை அப்படி ஏற்கெனவே எல்லாம் அமைந்த பழைய வயல்கள்தான். 2018இல் ஷெல்லிடமிருந்து வட சபா வயல்களில் பாதிப் பங்கை, செயிண்ட் ஜோசப், பார்ட்டன் போன்றவற்றை, 2.5 கோடி டாலருக்கு ஹைபிஸ்கஸ் என்ற மலேசியக் கம்பெனி வாங்கியது. மறுபாதி பெட்ரோனாஸின் கிளைக் கம்பெனியான பெட்ரோனாஸ் சாரிகாலியிடம். எண்ணெய் குழாய் வழியே லாபுவான் முனையத்துக்குப் போய்த் தொட்டியில் சேர்கிறது. ஏறக்குறைய 3 லட்சம் பீப்பாய் சேர்ந்ததும் கப்பல் வந்து ஏற்றிக்கொள்கிறது. அதனால்தான் ஆண்டறிக்கையில் உற்பத்திக் கணக்கும் விற்பனைக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. தோட்டத்தில் பால் தினமும் நிறுக்கப்படும், பணம் ரப்பர் விற்றால்தான் வரும், அதுபோலவே. ஜூன் 30இல் கணக்கு முடியும் கம்பெனிக்கு, ஜூலை முதல் வாரத்தில் வரும் கப்பல் அடுத்த ஆண்டின் வருமானம். இதைப் பாராமல் லாபநட்டம் பேசுகிறவர்கள் ஏமாறுவார்கள்.

இந்த வயல்கள் புதிய கைகளுக்குப் போனதை நான் நல்லதென்றே நினைக்கிறேன். பெரிய கம்பெனி அற்பமென்று ஒதுக்கும் பீப்பாயைத் தேடி எடுப்பவர்கள் நம் நாட்டுக்காரர்களாக இருப்பது புக்கிட் சிடிம் போன்றதொரு வெற்றி.

ஆனால் ஒரு வேற்றுமை மனத்தை அறுக்கிறது. வயல் வற்றிய பிறகு மேடையைப் பிரித்து அகற்றுவதற்கு, எண்ணெய் எடுக்கும் காலத்திலேயே கம்பெனிகள் ஒரு தொகையைப் பெட்ரோனாஸிடம் கட்டிவர வேண்டும். இரும்புக் கால்களுக்கு அந்த முன்யோசனை உண்டு. கெடாவில் தோட்டங்கள் மூடியபோது லயத்தைக் காலி செய்த எத்தனையோ குடும்பங்களுக்காக, எடுத்த பாலிலிருந்து அப்படி யாரும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை.