கண்ணுக்குத் தெரியாத மீன்

சென்னையில் வீகன் உணவு கேட்பவருக்குத் தலைவலி பசுமாடுதான். பொங்கலில் நெய், குருமாவில் தயிர், காபியில் பால். அவற்றை ஒதுக்கிவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது. அதே ஆள் பாங்காக்கில் ஓர் உணவகத்துக்குள் நுழைந்தால் கணக்கே வேறு. தாய்லாந்துச் சமையலில் மாட்டுப்பால் அரிது. குழம்பின் வெண்மை தேங்காய்ப்பாலால் வருவது, வதக்குவது எண்ணெயில். ஆரஞ்சு நிறத் தேநீரில் ஊற்றும் கண்டென்ஸ்டு மில்க்கைத் தவிர்த்தால் பாலைப் பற்றிய கவலை அநேகமாக இல்லை. அங்கே தொல்லை மீன். தட்டில் துண்டாகக் கிடக்கும் மீனைக் கண்ணால் பார்த்து ஒதுக்கலாம். கரைந்துபோன மீனை என்ன செய்வது?

‘நாம் ப்ளா’ என்பது அந்தக் கரைந்த மீன். நெத்திலியும் உப்பும் இரண்டுக்கு ஒன்று அல்லது மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் தொட்டியில் அடுக்கப்பட்டு, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கிடக்கும். அத்தனை உப்பில் அழுகவைக்கும் நுண்ணுயிரிகள் பிழைப்பதில்லை. ஆனால், மீனின் குடலிலும் தசையிலும் இருக்கும் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. அவை மீனின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி அமினோ அமிலங்களாக்குகின்றன. கடைசியில் வடித்தெடுப்பது தேன் நிறத்தில் தெளிந்த ஒரு நீர். அதில் மீனின் உருவம் எதுவும் மிஞ்சாது. சமையற்காரருக்கு அது உப்பு மாதிரி. போட்டோமா என்று யோசிக்கக்கூட மாட்டார். “இதில் மீன் இருக்கிறதா?” என்று கேட்டால், துண்டு மீனை நினைத்துக்கொண்டு அவர் உண்மையாகவே நம்பி “இல்லை” என்பார்.

அந்த நீருக்கு ஏன் இவ்வளவு மவுசு? புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் குளூட்டமேட்டுக்குச் சுவை கிடையாது. விடுபட்டு வந்தால்தான் நாக்கு அதை உணரும். 1908இல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றிலிருந்து இந்தக் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே அது அஜினோமோட்டோவாகக் கடைக்கு வந்தது. 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, உலர்த்திய சூரைமீனில் இனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டுபிடித்தார். 1957இல் அகிரா குனினாகா மூன்றாவதைக் கண்டார்: காளானில் இருக்கும் குவானிலேட்.

குனினாகா கவனித்த இன்னொரு விஷயம்தான் நமக்கு முக்கியம். குளூட்டமேட்டோடு மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தால் சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. நாக்கில் உமாமியை உணரும் ஏற்பிக்கு ஈயைப் பிடிக்கும் செடியின் இலை போல இரண்டு மடல்கள் உண்டு. குளூட்டமேட் உள்ளே வந்ததும் அவை மூடிக்கொள்ளும். இனோசினேட்டோ குவானிலேட்டோ அருகில் ஒட்டிக்கொண்டால் மூடிய மடல்கள் எளிதில் திறப்பதில்லை. அதனால் மூளைக்குப் போகும் செய்தி வலுக்கிறது. இறைச்சியோ மீனோ கொதித்த சாறும் நாம் ப்ளாவும் சேர்ந்த சூப் ஏன் அப்படி இழுக்கிறது என்பதற்கு விடை இது.

“மீன் சாஸ் போடாதீர்கள்” என்று மட்டும் சொன்னால் என்ன வரும் என்பதும் இதிலிருந்து புரியும். உப்பும் போய், உமாமியும் போய், வெறும் புளிப்பும் காரமுமாக ஒரு தட்டு வரும். ‘வீகன் சாப்பாடு சப்பென்று இருக்கும்’ என்ற பேச்சு பாதி இப்படிப் பிறந்ததுதான். ‘போடாதீர்கள்’ என்பதோடு நிறுத்தாமல், ‘பதிலாக இதைப் போடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். நாம் ப்ளாவுக்குப் பதில் ‘சீ இயூ காவ்’ என்னும் வெளிர் சோயா சாஸ். சோயாவின் புரதத்தை ஒரு பூஞ்சையின் நொதிகள் வெட்டுகின்றன. கிடைப்பது அதே குளூட்டமேட். கூடவே ஷிடாகே காளான். அதுவும் உலர்ந்தது. காயும்போது காளானின் செல்கள் உடைகின்றன; ஊறவைத்துச் சூடாக்கும்போது அதன் ஆர்.என்.ஏ.வை நொதிகள் வெட்டி குவானிலேட்டை உண்டாக்குகின்றன. பச்சைக் காளானில் இது குறைவு. அஜினோமோட்டோவுக்கும் தடையில்லை, தாய்லாந்தில் அது கரும்பு, மரவள்ளி மாவு ஆகியவற்றிலிருந்து நொதிக்கவைத்து எடுக்கப்படுகிறது. கோழி, பன்றிச் சாறு கலந்த சுவைப்பொடிகள்தான் ஆகாதவை.

மீன் சாஸின் வாசனையைச் சோயா தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேங்காய்ப்பால் குழம்பில் பேரரத்தையும் எலுமிச்சைப் புல்லும் அந்தக் குறையை மூடிவிடும். பச்சைப் பப்பாளி சாலட்டான ‘சோம் தம்’மில் மூடாது. அதில் உலர்ந்த இறாலும் சேரும். வடகிழக்கு ஈசான் பாணியில் புளித்த மீனான ‘பிளா ரா’வும் சேரும்.

பொறிகள் இன்னும் உண்டு. பச்சை, சிவப்புக் குழம்பு விழுதுகளில் ‘கபி’ என்னும் இறால் விழுது அரைபட்டிருக்கும்; முன்கூட்டியே அரைத்து வைத்ததிலிருந்து அதை எடுக்க முடியாது. டாம் யம் சூப்பில் சேரும் மிளகாய் விழுதிலும் பெரும்பாலும் அதுவே. வள்ளைக்கீரை வதக்கலில் சிப்பிச் சாஸ். குழாய் வடிவத்தில் வரும் வழுவழுப்பான டோஃபு பெரும்பாலும் முட்டை சேர்த்துச் செய்தது. மஞ்சள் நூடுல்ஸிலும் முட்டை. அரிசி நூடுல்ஸும் பாசிப்பயறு நூடுல்ஸும் பாதகமில்லை.

பௌத்த நாடாயிற்றே என்று வியக்கலாம். தாய்லாந்தின் தேரவாத பிக்குகள் பிச்சையாக வருவதை உண்பவர்கள். தமக்கென்று கொல்லப்பட்டதாகக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இராத இறைச்சி அவர்களுக்கு விலக்கல்ல. அங்கே கடும் சைவம் சீன வம்சாவளியினரின் ‘ஜே’ மரபிலிருந்து வருகிறது. மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயம்கூட ஆகாது. பாத்திரமும் தனி. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரிந்தால் அது ஜே கடை. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது நாள் விழாவில் புக்கெட்டும் பாங்காக்கும் மஞ்சளாகிவிடும். பெரும்பாலான ஆண்டுகளில் நம் நவராத்திரியும் அதே அமாவாசையை ஒட்டித்தான் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய சீலோம் மாரியம்மன் கோயிலிலும் அப்போது திருவிழா. தாய்லாந்து போக விரும்பும் வீகன்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ‘மங்சவிரட்’ என்றும் ஒரு சொல் காதில் விழும். அது சாதாரண சைவம், முட்டை வரலாம்.

இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதைக் கொள்கைப் பிரச்சினையாக நினைத்துவிடக் கூடாது. ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்ற இறால் புரதம் கொதித்தாலும் சிதையாது. ஒரு சிட்டிகை கபியும் ஆபத்து.

ஜே கொடி கண்ணில் படாத ஊரில், சோயா சாஸில் வதக்கிய கீரையும் சோறும் கேளுங்கள். நம் துளசியின் இனமே சேரும் ‘பாட் க்ரபாவ்’வை டோஃபு, காளானோடு கேட்கலாம், சிப்பிச் சாஸ் வேண்டாம் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். கடைசியில் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும்: அரிசி, தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு, அவ்வளவுதான். டாம் யம் ஜே கடை கிடைக்கும்வரை காத்திருக்கட்டும்.