விசிறி கிளட்சை வீட்டிலேயே கழற்றுவது எப்படி?

காய்கறி, உரம் ஏற்றுவதற்கென ஜீப்போ பிக்கப் வண்டியோ சொந்தமாக வைத்திருக்கும் உழவர் பெருமக்கள் பலர். சமதளச் சாலையில் ஒழுங்காக ஓடும் வண்டி, உரமூட்டைகளுடன் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் கொதிக்கிறதா? ரேடியேட்டரில் தண்ணீர் சரியாக இருந்தால், அடுத்துச் சோதிக்க வேண்டியது விசிறி கிளட்ச் ஆகும். வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். மெதுவாக ஏறும்போது எஞ்சின் விசிறியை நம்பியே இருக்கிறது.

கிளட்சின் உள்ளே கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. முகப்பிலுள்ள ஈருலோகச் சுருள் ரேடியேட்டர் காற்றின் சூட்டால் விரிந்து சிறு வால்வைத் திறக்கும். எண்ணெய் தட்டுகளுக்கிடையே பாய்ந்து விசிறியை இழுத்துச் சுழற்றும். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடிப்பு இராது. எஞ்சின் ஆறிய பின் விசிறியைக் கையால் சுண்டிப் பாருங்கள். தடையின்றிப் பல சுற்றுகள் சுற்றினாலோ, முகப்பில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருந்தாலோ கிளட்ச் கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம். (காலையில் வண்டியைக் கிளப்பியதும் சிறிது நேரம் விசிறி இரைவது கோளாறு அன்று.)

சில வண்டிகளில் கிளட்ச் நான்கு சிறு நட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றுவதில் சிரமம் இல்லை. தொல்லை கொடுப்பது, தண்ணீர் பம்பின் தண்டில் ஒரே பெரிய நட்டாக முறுக்கப்பட்ட வகைதான்.

இவ்வகையில் எந்தப் பக்கம் திருப்புவது என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். ஓடும்போது தானே இறுகும்படி மரை வெட்டப்பட்டிருப்பதால், விசிறி எத்திசையில் சுழலுமோ அத்திசையிலேயே நட்டைத் திருப்பினால்தான் கழலும். வண்டியின் முன் நின்று எஞ்சினைப் பார்த்தால், இவ்வகை எஞ்சின்கள் பெரும்பாலும் கடிகார முள் போலவே சுழலும். பெல்ட்டின் உட்புறம் பம்ப் புல்லியில் படிந்திருந்தால் விசிறியும் அவ்வாறே சுழலும். அது இடது மரை. பெல்ட்டின் முதுகுப்புறம் படிந்திருந்தால் சுழற்சி எதிர்த்திசை, வழக்கமான மரை. இதைப் பாராமல் எங்கள் வீட்டு வண்டியில் அரை மணி நேரம் நட்டை இடப்புறமாகவே அடித்தேன். நட்டு மேலும் இறுகி, பம்பின் பேரிங்கும் கெட்டது. அந்த வாரத் தக்காளி முழுவதும் வாடகை வண்டியில் போயிற்று. படித்தவன் செய்த வேலை என்று வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்!

எஞ்சின் நன்றாக ஆறிய பின் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையே கெட்டி அட்டையைச் செருகினால் ரேடியேட்டர் அடிபடாது. விசிறியைச் சுற்றியுள்ள கூட்டின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். பெல்ட்டை மட்டும் இப்போது கழற்ற வேண்டாம். இறுக்கமான பெல்ட்டே பல சமயம் புல்லியைப் பிடித்துக்கொள்ளும்.

நட்டு பெரும்பாலும் 32 அல்லது 36 மில்லிமீட்டர் இருக்கும், அளந்து கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய ஸ்பேனர் இல்லாவிட்டால், ஒன்றரை அடி நீளமுள்ள தடித்த பட்டை இரும்பின் முனையில் அந்த அளவுக்கு வாய் வெட்டித் தரும்படி ஊர்ப் பட்டறையில் கேட்கலாம். பைப் ரெஞ்ச் வேண்டாம். நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். பெல்ட் வழுக்கினால், இன்னொரு பட்டையில் இரண்டு துளைகள் போட்டு, புல்லியின் இரு போல்ட் தலைகளில் மாட்டி, உதவியாள் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் நாள் இரவே மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டிருந்தால் நல்லது. ஸ்பேனரை மாட்டி, ஆட்டமில்லாதபடி அழுத்திப் பிடித்து, அதன் முனையில் சுத்தியலால் சுருக்கென்று ஓர் அடி கொடுங்கள். நிதானமாகத் தள்ளினால் புல்லியும் சேர்ந்து சுற்றுமேயன்றி நட்டு அசையாது. நட்டு தளர்ந்ததும் ஒரு கையால் விசிறியைத் தாங்கிக்கொண்டே திருகி, கூட்டுடன் சேர்த்து மேலே எடுங்கள்.

திரும்பவும் மாட்டப்போகும் கிளட்சைத் தரையில் படுக்க வைக்காதீர்கள், எண்ணெய் கசியக்கூடும். வண்டியில் இருந்தபடியே செங்குத்தாகச் சுவரில் சாய்த்து வையுங்கள். விசிறி இறக்கையில் வெடிப்பு இருந்தால் விசிறியையும் மாற்றுங்கள். பம்பின் தண்டையும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்பையும் இப்போதே மாற்றுவது சிக்கனம். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகி, மரை ஒழுங்காக ஏறிய பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்கினால் போதும். மீதியை விசிறியே ஓடி இறுக்கிக்கொள்ளும்.